டீசல் கொன்ற விலாங்குகள்

1

அறந்தாங்கியிலிருந்து அண்ணன் போன் செய்தால் முதலில் நலம் விசாரிப்பார், அடுத்து பெட்ரோல் விலையைத் திட்டுவார். போன வாரமும் அப்படித்தான். பைக்கை எடுக்கவே பயமாக இருக்கிறதாம். கடைத்தெருவுக்கு நடந்தே போகிறாராம். நடந்ததில் சர்க்கரை குறைந்துவிட்டதாம். "அங்க எப்படிம்மா, ரங்கூன்ல?" என்று கேட்டார்.

"அதே கதைதான் அண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதே கதை இல்லை. இங்கே விலை ஏறியதில் யாருக்கும் சர்க்கரை குறையவில்லை. என்ன நடந்தது என்று போனில் சொன்னால் அவர் அழுவார், நான் எரிந்து விழுவேன். அதனால் எழுதுகிறேன். அண்ணன் மட்டுமில்லை, வெளிநாட்டுத் தங்கை என்றால் விமானமும் வாசனை சோப்பும்தான் என்று நினைக்கிற எல்லோரும் படிக்கட்டும்.

நான் இருப்பது ரங்கூன்கூட இல்லை. ஆற்றுக்கு இந்தக் கரையில், டாலாவில். அக்கரைக் கட்டடங்களின் விளக்கு எங்கள் வாசலில் தெரியும். எங்கள் வாசலில் விளக்கு எப்போது வரும் என்பது மின்சாரக்காரர்களுக்கே தெரியாது.

என்னைப் பெண் கேட்டு வந்த தரகர், "மாப்பிள்ளைக்குச் சொந்தத் தொழில், ஏற்றுமதி" என்றார். அப்பா பர்மாவில் பிறந்து, சின்ன வயதில் கப்பலில் திரும்பி வந்தவர். பர்மா ஏற்றுமதி என்றால் அவருக்குத் தேக்குதான் ஞாபகம் வந்தது. என்ன ஏற்றுமதி என்று யாரும் கேட்கவில்லை. தரகர் சொன்னதில் பொய்யும் இல்லை. என் வீட்டுக்காரர் சிதம்பரம், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், விலாங்கு பிடிக்கிறவர். அவர் பிடித்த விலாங்கு லாரி ஏறிச் சீனாவுக்குப் போகும். நான் வந்து இறங்கிய அன்று அந்த ஏற்றுமதிச் சரக்கு வாசலில் டிரம்முக்குள் நெளிந்துகொண்டிருந்தது.

2

விலாங்கை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

நம் ஊர் வாய்க்காலில் மீனுக்குப் போடும் பறி கூடை மாதிரி இருக்கும். இங்கே பறி என்பது ஒரு கை நீள மூங்கில் குழாய். வாயில் உள்நோக்கிச் சீவிய சிம்புகள் இருக்கும். அதனால் நுழையலாம், திரும்ப முடியாது. உள்ளே நசுக்கிய மண்புழுவும் நண்டும் வைப்பார்கள். குழாயின் வாய் சேற்றில் பதிய வேண்டும், வால் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். அப்படிச் சாய்த்து ஒரு குச்சியில் கட்டுவார்கள். வால் மேலே தெரிவதில்தான் தொழிலே இருக்கிறது. தண்ணீருக்குள் கிடந்தாலும் விலாங்கு மேலே வந்து மூச்சு இழுக்கும் ஜீவன். வால் மூழ்கினால் உள்ளே மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். செத்ததை, விலாங்கு வாங்கும் தரகர் கையால் தொடமாட்டார்.

இவர் பறி போடுவது டாலாவுக்குக் கீழே, கடலை நோக்கிப் போகும் ஓடைகளில். காலையில் போய்ப் பறிகளை எடுத்து, விலாங்கைக் கொட்டிக்கொண்டு, புது இரை வைத்து மறுபடி நட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். தரகரின் லாரி மதியத்துக்கு முன் போய்விடும், அதற்குள் உயிரோடு கொடுத்தாக வேண்டும். சாதாரண நாளில் அத்தோடு சரி. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான் கடல் ஏறி ஓடைக்குள் வரும். அந்த நாட்களில் சாயங்காலம் இரண்டாவது தடவை போய் ஒவ்வொரு பறியையும் உயர்த்திக் கட்டிவிட்டு வர வேண்டும். முதலிலேயே உயரமாகக் கட்டினால் என்ன என்று புதுப்பெண்ணாக வந்தபோது நானும் கேட்டிருக்கிறேன். அப்படிக் கட்டினால் வாய் சேற்றை விட்டு எழும்பிவிடும், ஒன்றும் நுழையாதாம்.

இரண்டு தடவை போய்வரப் படகுக்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு டீசல் வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் இதை யாரும் ஒரு செலவாகவே பேசமாட்டார்கள். இப்போது டாலாவில் வேறு பேச்சே இல்லை. பெட்ரோல் பங்க்குக்குப் போனால் வரிசை. வரிசை முடிவதற்குள் டீசல் முடிந்துவிடும். சாலையோரத்தில் தண்ணீர்ப் பாட்டிலில் விற்கிறார்கள், அந்த விலைக்கு டீசல் போட்டு விலாங்கு பிடித்தால் விலாங்கு வாலில் தங்கம் இருக்க வேண்டும். லாரிக்கும் டீசல் விலை ஏறிவிட்டதென்று தரகர் எங்களுக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்தார். மேலேயும் கையை வைத்தார்கள், கீழேயும் கையை வைத்தார்கள்.

இவரோடு பறி போட்டவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கோ ஸோ தாய்லாந்துக்குப் போய்விட்டார். அவருடைய தம்பி சைக்கா மிதிக்கிறார். சைக்கா என்றால் நம் சைக்கிள் ரிக்ஷாதான், அதற்கு டீசல் வேண்டாம், மனிதன் போதும். இவர் மட்டும் விடவில்லை.

3

எங்கள் மோட்டாருக்கு ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீர்ப்பணத்தில் வாங்கியது. நீள வால் வைத்த சீன மோட்டார். இவர் பெரிய மனதுக்காரர். "சீரு பொண்ணுக்குச் சேர்ந்தது" என்று சொல்லி ரசீதை என் பெயரில் போட்டுக்கொண்டு வந்தார். என் மாமியார் வீட்டுப் பக்கம் எல்லோருக்கும் அந்த ரசீதைக் காட்டினார்கள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது படகுக்காரர்களுக்கு வார்டு ஆபீசில் டீசல் சீட்டு கொடுக்கிறார்கள். சீட்டு இருந்தால் பங்க் விலை, வரிசையும் தனி. அதற்கு மோட்டார் ரசீதும் குடியுரிமை அட்டையும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். ரசீது என் பெயரில். என்னிடம் இருப்பது வெளிநாட்டார் அட்டை. இருபத்தைந்து வருஷமாக இங்கே சோறு பொங்குகிறேன், ஒவ்வொரு வருஷமும் போய், இன்னும் ஒரு வருஷம் இருந்துகொள்கிறேன் என்று கேட்டு முத்திரை வாங்கிவருகிறேன். வெளிநாட்டாருக்கு டீசல் சீட்டு கிடையாது. குடியுரிமை இருக்கிறவருக்கு ரசீது கிடையாது. பெயர் மாற்ற வேண்டுமானால் விற்ற கடைக்காரர் கையெழுத்துப் போட வேண்டுமாம். கடை மூடி எத்தனையோ காலம் ஆகிறது.

நானே போய்க் கெஞ்சினேன். பர்மியத்தில் மரியாதையாகப் பேச ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஆண்கள் 'கம்யா' என்பார்கள், பெண்கள் 'ஷின்' என்பார்கள். நான் பாஷை கற்றது புருஷனிடம், அதனால் பதற்றம் வந்தால் கம்யாதான் வரும். அன்றைக்கும் வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, சீட்டு இல்லை என்றாள்.

கடைசியில் தரகர் ஓர் ஏற்பாடு சொன்னார். விலாங்குக்குப் பாதி காசாகவும் பாதி டீசலாகவும் தருவார். காலையில் சரக்கு கொடுத்தால் கையோடு ஒரு பாட்டில் டீசல். அதைப் போட்டுத்தான் சாயங்காலப் பயணம், மறுநாள் காலைப் பயணம். அப்படித்தான் கொஞ்ச காலம் ஓடியது.

4

எங்களுக்கு ஒரே மகள். நான் வைத்த பெயர் தமயந்தி. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் தண்டா. இப்போது அவள் தண்டா மட்டும்தான். ஷ்வேப்யிதாவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே தங்கல். தமிழில் நான் சொல்வதெல்லாம் புரியும், பதில் மட்டும் பர்மியத்தில் வரும். 'அம்மா' என்ற ஒரு சொல்லை எனக்காக விட்டுவைத்திருக்கிறாள். அப்பாவை 'பேபே' என்றுதான் கூப்பிடுவாள்.

அங்கே போனபிறகு அவளுக்குப் பக்தி வந்தது. பக்தி வந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். அது நேரே அப்பாவின் தொழிலில் வந்து நின்றது. அது அகுதோவாம், பாவமாம். பேபே இதை விட வேண்டும் என்று ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்வாள். இவருக்குக் கோபம் வராது. ஒரே பதில் வைத்திருந்தார்.

"நான் புடிக்கிறவன்மா, கொல்றவன் இல்ல. இத்தினி வருசத்துல என் கையில ஒண்ணு செத்ததில்ல. உசுரோட குடுக்கிறேன். வாங்கிட்டுப் போறவன் செய்றது அவன் பாடு."

கேலி செய்ய ஆசையாக இருக்கும். சீனாக்காரன் விலாங்கை வாங்கி வளர்க்கவா போகிறான்? ஆனால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் தலைக்கு வைத்துத்தான் அந்த மனிதர் தூங்கினார். பறி மூழ்கிவிடுமோ என்று சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். விலைக்காகத்தான் என்று முதலில் நினைத்தேன். அந்த வாக்கியம் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகவும்தான்.

மகளுக்கு ஒரு பையனைப் பிடித்துப்போனது. தொழிற்சாலையில் மெக்கானிக், நல்ல பையன். அவனுடைய அம்மா டோ மியா, நாள் தவறாமல் பகோடாவுக்குப் போகிறவர். பறிக்காரன் வீட்டில் சம்பந்தமா என்று அந்த அம்மாவுக்குத் தயக்கம். எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டார். அதற்கு மகளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இங்கே விசேஷ நாட்களில் மீன், விலாங்கு வாங்கி ஆற்றில் விடுவார்கள். உயிரை விடுவித்த புண்ணியம். எங்கள் கல்யாணம் நடந்தது வைகாசிப் பௌர்ணமி. அது இவர்களுக்கும் பெரிய நாள், புத்தர் பிறந்த நாள். அன்றைக்கு டோ மியாவைக் கூட்டிக்கொண்டு வருவாள். பேபே தன் கையால் பிடித்த விலாங்கைத் தன் கையாலேயே ஆற்றில் விட வேண்டும். டிரம்மில் கிடந்து அடைபட்டதாக இருக்கக் கூடாது, பறியிலிருந்து நேரே ஆற்றுக்குப் போக வேண்டும். இதைப் பார்த்தால் அந்த அம்மாவின் மனது மாறும்.

"செய்றேன்னு சொல்லிரு" என்றார் இவர். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

5

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் போனார். நல்ல பிடி. பறிகளை மறுபடி நட்டுவிட்டு வந்து, சரக்கைத் தரகரிடம் கொடுத்தார். மறுநாள் காலையில் பறியில் இருப்பது மகளுக்கு. சாயங்காலம் போய் உயர்த்திக் கட்ட, வழக்கமான பாட்டிலைக் கேட்டார். தரகர் கையை விரித்தார். அவருக்கே டீசல் வரவில்லையாம், நாளைக்குப் பார்க்கலாமாம். சரக்கு அதற்குள் லாரி ஏறிவிட்டது.

இவர் பங்க்குக்குப் போனார், அங்கே கயிறு கட்டி மூடியிருந்தது. சாலையோரப் பாட்டில்களும் அன்றைக்கு இல்லை. பௌர்ணமிக்கு எல்லோரும் எங்கேயாவது போகிறார்கள், இருந்ததையெல்லாம் காலையிலேயே வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மோட்டார் டேங்கைத் திறந்து பார்த்தார். பார்த்தால் இருக்குமா? மூடினார், மறுபடி திறந்தார். பிறகு மூலையிலிருந்து துடுப்பை எடுத்தார்.

"ஏத்தத்துக்கு எதிர்ல தள்ளிக்கிட்டு அவ்வளவு தூரம் போவீங்களா? தோள் என்னத்துக்காகும்?"

"போய்த்தான் பாக்கணும் மங்கை. அங்க எல்லாம் மூழ்கும்."

போனார். கடல் ஏறிவரும் நேரத்தில் கடலை நோக்கித் துடுப்புப் போட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். இருட்டிக்கொண்டு வரும்போது திரும்பி வந்தார். பாதி வழிகூடத் தாண்டவில்லையாம். கை இரண்டும் மடங்க மறுத்தன. சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டினேன்.

விடிந்ததும் வடிகிற தண்ணீரோடு போய், ஏறுகிற தண்ணீரோடு வந்தார். படகிலிருந்து இறங்கும்போதே தெரிந்தது. சாக்கு அசையவில்லை. உயிருள்ள விலாங்குச் சாக்கு ஒருநாளும் சும்மா இருக்காது. வாசலில் கொட்டினார். எல்லாம் துவண்டு, ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். கடைசி ஒன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே குந்திவிட்டார்.

"மூக்கெல்லாம் குழா வாலுப் பக்கம் திரும்பியிருந்துச்சு" என்றார். "மூச்சுக்கு மேல வரப் பாத்திருக்கு."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அது உடம்புக்கு ஆகாது.

"அவங்க வர்றதுக்குள்ள பஜார்ல உசுரோட வாங்கியாந்துருங்க" என்று சொல்லி, ஃபெர்ரிக்கு அனுப்பினேன். வாழ்நாள் முழுக்க விலாங்கு விற்றவர் அக்கரைக்குப் போய் விலாங்கு வாங்கிக்கொண்டு வந்தார்.

செத்ததை என்ன செய்வது? விற்க முடியாது, எறிய மனம் வராது. வந்தவர்களுக்குப் போட வீட்டில் வேறு கறியும் இல்லை. புளி கரைத்து, பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன்.

6

டோ மியா மெலிந்த, அமைதியான பெண்மணி. என் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தை சொன்னார். எரிச்சலோடு காத்திருந்த எனக்கு அவரைப் பிடித்துப்போனது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

படித்துறைக்குப் போனோம். மகள் தலையில் பூ வைத்திருந்தாள். வாளியை அப்பாவின் கையில் கொடுத்தாள். உள்ளே விலாங்குகள் சுழன்றுகொண்டிருந்தன. டோ மியா கண்ணை மூடி, இவை இனி யாருடைய பறியிலும் மாட்டாமல் வாழட்டும் என்று வேண்டினார். வேண்டியபிறகு யார் முன்னால் சொல்கிறோம் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது.

மகள் கேட்டாள், பர்மியத்தில். "பேபே, இது நீங்கள் பிடித்ததுதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் முடிந்தது. நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இல்லம்மா" என்றார். அவளிடம் எப்போதும் பர்மியம் பேசுகிறவர் அன்றைக்குத் தமிழில் சொன்னார். "நான் புடிச்சது எல்லாம் செத்துப் போச்சு. இது வாங்கினது."

மகளுக்குப் புரிந்தது. டோ மியாவுக்குப் புரியவில்லை, மகள் சொன்னாள். அந்த அம்மா கனிவாகத்தான் பதில் சொன்னார்.

"தானாகச் செத்திருந்தால் உங்கள்மேல் பாவம் இல்லை, உ டின்." உ டின் என்பது இவருடைய பர்மியப் பெயர்.

"தானாகச் சாகவில்லை. நான் போய்ப் பறியைத் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும்."

"ஏன் போகவில்லை?"

"டீசல் இல்லை."

டோ மியா தலையை ஆட்டினார். மழை பெய்ததால் வர முடியவில்லை என்று யாராவது சொன்னால் எப்படி ஆட்டுவோமோ, அப்படி. இவர் வாளியைச் சாய்த்தார். விலாங்குகள் வழுக்கி இறங்கிப் போயின. காலி வாளியைப் பிடித்துக்கொண்டே, இனிமேல் பறி போடப் போவதில்லை என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

மகள் அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேண்டுதலுக்குப் பலன் வந்துவிட்டது. டோ மியா கைகூப்பி "தாது, தாது, தாது" என்றார், நன்று என்று அர்த்தம். பிறகு இருவரும் செய்த புண்ணியத்தை எல்லா உயிர்களுக்கும் பங்கு போட்டார்கள். "அம்யா, அம்யா, அம்யா" என்று மூன்று தடவை சொல்வார்கள். பங்கு, பங்கு, பங்கு, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

வீட்டுக்கு வந்து படி ஏறி, உட்கார்ந்து, சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று டோ மியா இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். யாரும் கொன்றதில்லையே, சாப்பிடலாமாம். இவர் வெறும் சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிட்டார்.

7

அடுத்த மாதத்திலேயே கல்யாணம் நிச்சயமானது. இவர் இப்போது தன்லியினில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் இருக்கிறார். ஃபெர்ரி, அப்புறம் பஸ், பாலம் தாண்டி இன்னொரு பஸ். பஸ் கட்டணமும் ஏறுகிறது, அதே டீசல்தான். டாலாவில் எதிர்ப்படுகிறவர்கள் இவரை நிறுத்தி, பாவத் தொழிலை விட்டுவிட்டீர்களாமே, குதோ, குதோ, புண்ணியம் என்கிறார்கள். மகள் பெருமையாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். இவர் சிரித்துக்கொண்டு போகிறார். நான் பிடிக்கிறவன், கொல்கிறவன் இல்லை என்று முன்னெல்லாம் கேட்காதவரிடமும் சொல்வார். இப்போது அதைச் சொல்வதே இல்லை. தொழில் போனது எனக்குப் பெரிசில்லை. அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

மோட்டார் என் பெயரிலேயே தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. விற்பதற்கும் ரசீதில் பிரச்சினை. பௌர்ணமி, அமாவாசை வந்தால் சாயங்காலம் படித்துறை வரைக்கும் போய் நிற்கிறார். திரும்பி வந்து, "தண்ணி ஏறுது" என்பார். "ஏறட்டும்" என்பேன்.

கேஸ் விலையும் சொல்லும்படி இல்லை, மின்சாரமும் இல்லை, அதனால் விறகடுப்புக்கு வந்துவிட்டோம். பறிகள் கூரைக்குக் கீழே கட்டுக்கட்டாகக் கிடந்தன, நன்றாகக் காய்ந்த மூங்கில். இவர்தான் எடுத்துக் கொடுத்தார், "எரி" என்று. ஒன்றிரண்டாக எரித்துத்தான் ஒரு மாதமாகச் சோறு பொங்குகிறேன்.

இன்று காலையில் அவர் வேலைக்குப் போனபிறகு, உலை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் போன் ஞாபகம் வந்தது. ஒரு பாவியை ஒரே ராத்திரியில் புண்ணியவான் ஆக்கிய அந்த டீசல் விலைக்கும், அதை ஏற்றியவர்கள் எந்த ஊரில் எந்த நாற்காலியில் இருந்தாலும் அவர்களுக்கும், இந்த வீட்டுப் புண்ணியத்தில் பங்கு கொடுக்காமல் இருப்பது முறையில்லை என்று தோன்றியது. கைகூப்பி, உரக்கவே சொன்னேன். அம்யா, அம்யா, அம்யா. எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கிறவர்கள் பதிலுக்குத் தாது என்று சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் பறிதான் கணு வெடித்தது.